இன்னொசென்ட்டி முற்றங்கள்: ஃபுளோரன்ஸின் மாசில்லாக் குழந்தைகள் இல்லத்தைப் பார்த்துவர ஒரு முழுமையான வழிகாட்டி

இத்தாலியின் ஃபுளோரன்ஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நாள்தான் ஒதுக்குகிறார்கள். ஒரு நாள் உஃபிசி ஓவியக் கூடத்துக்கே சரியாகப் போய்விடும். அரை நாள் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலையைப் பார்க்க வரிசையில் கரையும். அந்தத் தாவீது நிற்கும் அக்காடெமியா கூடத்திலிருந்து மூன்று நான்கு நிமிடம் நடந்தால் ஒரு சதுக்கம் வரும். அதன் ஒரு பக்கம் முழுக்க நீண்டு கிடக்கும் தூண் தாழ்வாரம்தான் நான் சொல்லப்போகும் கட்டடத்தின் முகப்பு. மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலை இங்கேதான் தொடங்கியது என்று சொல்வார்கள். ஆனால் உள்ளே போய் முற்றங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் குறைவு.

பெயர் ஓஸ்பெடாலே டெலி இன்னொசென்ட்டி. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் டிசம்பர் 28-ஆம் தேதி ‘மாசில்லாக் குழந்தைகள்’ திருநாள் கொண்டாடுகிறார்களே, ஏரோது மன்னன் பெத்லகேமில் கொன்ற அந்தப் பச்சிளங்குழந்தைகளின் பெயர்தான் இதற்கு. ஓஸ்பெடாலே என்றதும் மருத்துவமனை என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு அடைக்கலம் தரும் இல்லம் என்று பொருள். பெற்றவர்கள் வளர்க்க முடியாமல் விட்டுச்சென்ற குழந்தைகளுக்காக ஒரு வணிகர் சங்கம் தன் செலவில் கட்டிய வீடு இது. அதையும் நகரத்தின் மிகச் சிறந்த கலைஞனை வைத்துக் கட்டினார்கள். அனாதைக் குழந்தைகளுக்குத்தானே, நாலு சுவரும் ஒரு கூரையும் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு தூணும் வேறு மாதிரித் தெரியும். அப்படிப் பார்க்கத்தான் இந்த வழிகாட்டி. மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

உஃபிசி, அக்காடெமியா இரண்டுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. இன்னொசென்ட்டி அருங்காட்சியகத்துக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. அதனால் உங்கள் பயணத்தில் திங்கட்கிழமை ஒன்று மாட்டிக்கொண்டால் கவலையே வேண்டாம், அதை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். திறக்கும் நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாறும் என்பதால் போவதற்கு முந்தின நாள் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

முகப்பு வடமேற்கைப் பார்த்திருக்கிறது. காலையில் தாழ்வாரம் நிழலில் கிடக்கும். மாலை வெயில்தான் நேரே அதன்மேல் விழும். படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் மதியம் உள்ளே போய், முற்றங்களையும் கூடங்களையும் முடித்துக்கொண்டு, வெயில் சாயும்போது வெளியே வரும்படி திட்டமிடுவது நல்லது.

இரண்டு நாள்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ச் 25, கன்னி மரியாளுக்கு வானதூதர் செய்தி சொன்ன திருநாள்; இல்லம் இருக்கும் சதுக்கத்தின் பெயரும் அந்தச் செய்தியைக் குறிப்பதுதான். 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஃபுளோரன்ஸில் புத்தாண்டே அன்றுதான் பிறந்தது. இன்னொன்று செப்டம்பர் 7-ஆம் தேதி மாலை. ரிஃபிகொலோனா என்ற பெயரில் ஊர்க் குழந்தைகள் கழியில் காகித விளக்கு கட்டிக்கொண்டு ஊர்வலமாக வந்து இந்தச் சதுக்கத்தில்தான் கூடுவார்கள். கூட்டம் நெரியும். ஆனாலும் இந்தத் தாழ்வாரத்தின் முன்னால் கையில் விளக்கோடு குழந்தைகள் நிற்பதைப் பார்க்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

போய்ச் சேரும் வழி

ரோமிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். சான்டா மரியா நொவெல்லா நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து நடை 15 முதல் 20 நிமிடம். விமானத்தில் வந்தால் டிராம் நேரே நிலையத்துப் பக்கம் கொண்டுவந்து விட்டுவிடும். பழைய நகருக்குள் வெளியார் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. தெரியாமல் வாடகைக் காரை உள்ளே ஓட்டிவிட்டால் ஊர் திரும்பின பிறகு அபராதச் சீட்டு வீடு தேடி வரும். அதனால் நடந்தே போங்கள்.

பேராலயத்தின் பின்பக்கத்திலிருந்து வியா டெய் செர்வி என்ற தெரு நேர்கோடாகக் கிளம்புகிறது. வேறு தெரு வேண்டாம், இதிலேயே போங்கள். ஆறேழு நிமிடத்தில் சதுக்கம். தெருவின் பாதியில் ஒரு தடவை நின்று திரும்பிப் பாருங்கள்: இரண்டு பக்க வீடுகளுக்கு நடுவில் பேராலயத்தின் செங்கல் நிறக் குவிமாடம் எழுந்து நிற்கும். அதைக் கட்டியவர் ஃபிலிப்போ புரூனெலெஸ்கி. நீங்கள் பார்க்கப் போகும் இல்லத்தை வரைந்தவரும் அவரே. இல்லத்துக்கான வேலை தொடங்கியது 1419-இல், குவிமாடம் தொடங்கியது 1420-இல். ஒரே மனிதர், 40 வயதைத் தாண்டியவர், ஒரே காலத்தில் இந்தத் தெருவின் இரண்டு முனைகளிலும் இரண்டு வேலை.

சதுக்கத்தின் நடுவில் பத்து நிமிடம்

சதுக்கத்தின் பெயர் சான்டிஸ்ஸிமா அனுன்ஸியாட்டா. எதிரே தெரிவது அதே பெயருள்ள தேவாலயம். உங்கள் வலது கைப்பக்கம் இன்னொசென்ட்டி. இடது கைப்பக்கம் கிட்டத்தட்ட அதே மாதிரியே இன்னொரு தூண் தாழ்வாரம். முதல் தடவை வருகிறவர்களுக்கு எது எது என்று குழப்பம் வரும். இடதுபக்கம் இருப்பது 1516-இல் தொடங்கியது, மூத்த அன்டோனியோ டா சங்கால்லோவும் பாச்சியோ டாஞ்ஞொலோவும் கட்டியது. ஏறக்குறைய நூறு வருடம் கழித்து வந்தவர்கள், புதிதாக ஒன்றைக் காட்டிக்கொள்ளாமல், எதிரே இருந்ததையே பின்பற்றினார்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவாலயத்துக்கும் அதே மாதிரி வளைவுத் தாழ்வாரம் வைத்தார்கள். அனாதைக் குழந்தைகளின் வீட்டைப் பார்த்து ஒரு சதுக்கம் முழுவதுமே தன்னை அமைத்துக்கொண்டது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

நடுவில் குதிரைமேல் இருப்பவர் ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் முதலாம் ஃபெர்டினாண்டோ. ஜாம்போலொன்யா தொடங்கி அவருடைய சீடர் பியெத்ரோ டாக்கா முடித்த வெண்கலச் சிலை. பீடத்தைச் சுற்றி வந்தால் ஒரு பக்கத்தில் தேனீக்கள் வட்டம் வட்டமாக, நடுவில் ராணித் தேனீ. குழந்தைகளைக் கூட்டிப் போயிருந்தால் எண்ணச் சொல்லுங்கள், எங்கே தொடங்கினோம் என்பது தவறிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் உள்ள நீரூற்றுகளில் கடல் பூதங்கள். அவையும் டாக்காவின் கைவேலை.

படி, தூண், வளைவு

இப்போது இல்லத்தின் பக்கம் திரும்புங்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு அமைதி. சாம்பல் நிறக் கல்லும் வெள்ளைச் சுண்ணப்பூச்சும் தவிர வேறில்லை. அந்தக் கல்லுக்குப் பியெத்ரா செரேனா என்று பெயர். ‘அமைதியான கல்’ என்றுதான் அதற்குப் பொருளே. ஃபியெஸோலே மலைப்பக்கத்துச் சுரங்கங்களில் கிடைக்கும் மணற்கல். உயர்ந்த படிக்கட்டு நீளவாக்கில் ஓடுகிறது, அதன்மேல் மெல்லிய தூண்கள், தூண்களுக்கு இடையே ஒன்பது அரைவட்ட வளைவுகள்.

படியேறித் தாழ்வாரத்துக்குள் போய் ஒரு தூணின் பக்கத்தில் நில்லுங்கள். இதைச் செய்துபாருங்கள்: அந்தத் தூணிலிருந்து அடுத்த தூண்வரை அடி வைத்து எண்ணுங்கள். பிறகு அதே தூணிலிருந்து பின்சுவர்வரை எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாக வரும். அப்புறம் தூணை அண்ணாந்து பாருங்கள், உயரமும் அவ்வளவுதான். மூன்றும் சுமார் 10 பிராச்சியா. பிராச்சியா என்பது ஃபுளோரன்ஸில் அப்போது புழங்கிய முழக்கணக்கு, ஒன்று ஏறக்குறைய 58 சென்டிமீட்டர். ஆக நீங்கள் நிற்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு கனசதுரத்துக்குள். அதன்மேல் ஒரு அரைவட்டம் கவிந்திருக்கிறது. அதுபோல ஒன்பது அறைகள் வரிசையாக. புரூனெலெஸ்கி செய்தது இவ்வளவுதான், ஆனால் அதற்கு முன்னால் அந்த ஊரில் யாரும் ஒரு கட்டடம் முழுவதையும் இப்படி ஒரே அளவில் பிடித்து நிறுத்தியதில்லை. கூரான வளைவுகளும் தடித்த தூண்களுமாக இருந்த ஊரில் இது எவ்வளவு புதிதாக இருந்திருக்கும்!

மேலே பார்த்தால் வளைவுக்கு வளைவு இரும்புக் கம்பி ஒன்று குறுக்கே போகும். தூண்கள் இவ்வளவு மெலிதாக இருப்பதால் வளைவுகளின் பாரம் அவற்றை வெளியே தள்ளிவிடாமல் இழுத்துப் பிடிக்கும் கட்டுக்கம்பி அது. அதை மறைக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறார்கள்.

மறுபடி படியிறங்கி நின்று வளைவுகளுக்கு இடையே உள்ள வட்டங்களைப் பாருங்கள். நீல வட்டத்துக்குள் வெள்ளைக் குழந்தை, இடுப்புக்குக் கீழே துணி நாடாவால் இறுகச் சுற்றப்பட்டு, இரண்டு கைகளையும் விரித்து நிற்கும். புரூனெலெஸ்கி அந்த வட்டங்களை வெறுமையாகத்தான் விட்டார். 1487 வாக்கில் ஆண்ட்ரேயா டெல்லா ராபியா சுட்ட மண்ணில் மெருகேற்றிச் செய்து வைத்தவை அந்தக் குழந்தைகள். அவர் செய்தவை பத்து. இரண்டு ஓரங்களிலும் உள்ளவை 19-ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை. ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்று நகர்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு முகமும் வேறு. சிலவற்றில் சுற்றிய துணி அவிழ்ந்து தளர்ந்து தொங்குகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் சின்னத்தில் இருக்கும் குழந்தை இங்கிருந்து போனதுதான். கைபேசியின் கேமராவைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்து வாருங்கள். கழுத்து வலித்தாலும் பரவாயில்லை.

இடது ஓரத்துச் சன்னல்

தாழ்வாரத்துக்குள் திரும்பவும் ஏறி, முகப்பைப் பார்த்து நின்றால் உங்கள் இடது கைப்பக்கம் வரும் ஓரத்துக்கு, அதாவது தேவாலயத்தை ஒட்டிய முனைக்கு, நடந்து போங்கள். சின்னதாக ஒரு கம்பிச் சன்னல் இருக்கும். பெரும்பாலானவர்கள் இதைக் கவனிக்காமல் போகிறார்கள். கட்டடம் மொத்தமும் இந்தச் சன்னலுக்காகத்தான் என்று சொன்னால் தவறில்லை.

இங்கேதான் குழந்தையை விட்டுச் செல்வார்கள். தொடக்க காலத்தில் தாழ்வாரத்தில் கல்லால் ஆன ஒரு தொட்டி இருந்தது. பின்னால், 17-ஆம் நூற்றாண்டில், கம்பிகள் வைத்த இந்தச் சன்னல் வந்தது. பிறந்த குழந்தை மட்டும் நுழையும் அளவுக்குத்தான் கம்பிகளுக்கு நடுவில் இடைவெளி. வளர்ந்த பிள்ளைகளைக் கொண்டுவந்து தள்ளிவிடக் கூடாது என்பதற்காக. இரவில் வருவார்கள், குழந்தையை வைப்பார்கள், மணியடித்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே இருக்கும் பெண் வந்து எடுத்துக்கொள்வார். யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இல்லம் திறந்தது 1445 ஜனவரி 25. பிப்ரவரி 5-ஆம் தேதி முதல் குழந்தை வந்தது. பெண் குழந்தை. அன்று புனித ஆகத்தாவின் நாள் என்பதால் ஆகதா ஸ்மெரால்டா என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களிலும் ஆண்களைவிடப் பெண் குழந்தைகளே அதிகம். தாய்மார்களில் பலர் வசதியான வீடுகளில் வேலை செய்த பெண்கள், விலைக்கு வாங்கப்பட்ட அடிமைப் பெண்கள். வறுமையால் விடப்பட்ட குழந்தைகளும் உண்டு. 1875-இல் சன்னலை மூடினார்கள். நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் லட்சக்கணக்கான குழந்தைகள் இந்த வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறார்கள்.

சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. துன்பங்களுக்கும் குற்றங்களுக்கும் இரகசியப் புகலிடமாக இருந்த இடம் இது, கதவை அடைக்காத அன்பு அவற்றுக்கு என்றும் துணை நிற்கிறது என்பது அதன் கருத்து. மேலே லத்தீனில் உள்ள வரி 27-ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது. தகப்பனும் தாயும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்று நம் வேதாகமத்தில் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். இங்கே மட்டும் ‘என்னை’ என்பதை ‘எங்களை’ என்று மாற்றியிருக்கிறார்கள்.

இந்தச் சன்னல் முன்னால் நின்றபோது எனக்குச் சேலம்தான் நினைவுக்கு வந்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய ஊர். பெண் குழந்தை, வறுமை, பெயர் சொல்லாமல் வைத்துவிட்டுப் போக ஓர் இடம். நாடும் காலமும் வேறாக இருக்கலாம். அந்தத் தொட்டிலை நாளிதழ்ப் படத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சன்னலை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே: ஆண்கள் முற்றம்

சீட்டு உள்ளேயே கிடைக்கும். தாவீது சிலைக்கு நிற்பது போன்ற வரிசையெல்லாம் இங்கே இல்லை. பெரிய முதுகுப்பையை ஒப்படைத்துவிட்டுப் போங்கள். அருங்காட்சியகம் 2016-இல் புதுப்பிக்கப்பட்டது. மூன்று பகுதிகள்: நிலவறையில் இல்லத்தின் வரலாறு, தரைத்தளத்தில் முற்றங்கள், மேலே ஓவியங்கள். நான் முதல் தடவை வந்தபோது ஓவியர் போட்டிச்செல்லியின் பெயரைப் பார்த்துவிட்டு நேரே மேலே ஏறிவிட்டேன். அங்கே அழகான படங்களைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவை யாருக்காக வரையப்பட்டன என்று தெரியாமலே இறங்கி வந்தேன். நீங்கள் முற்றம், நிலவறை, ஓவியம், மாடி என்ற வரிசையில் போங்கள்.

முதலில் வருவது ஆண்கள் முற்றம். நம் செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் கணக்கு உடனே புரியும்: நடுவில் வானம், சுற்றிலும் தாழ்வாரம், எந்த அறைக்குப் போனாலும் முற்றத்தைத் தொட்டுத்தான் போக வேண்டும். கட்டடத்தின் நடு அச்சில் சதுரமாக அமைந்தது. ஒரு பக்கம் இல்லத்துத் தேவாலயம், இன்னொரு பக்கம் குழந்தைகளின் கூடம், இரண்டையும் முற்றம் இணைக்கிறது. தாழ்வாரத்தில் பார்த்த அதே தூண், அதே வளைவு, அதே சாம்பலும் வெள்ளையும் இங்கே நான்கு பக்கமும் திரும்பி வருகின்றன. புரூனெலெஸ்கி 1427 வாக்கில் இந்த வேலையை விட்டு விலகிவிட்டார், பிறகு ஃபிரான்செஸ்கோ டெல்லா லூனா பொறுப்பேற்றார்.

சுவர்களில் சுண்ணத்தைக் கீறி வரைந்த சின்னங்களையும் குழந்தை உருவங்களையும் தேடுங்கள். மூடிய கதவு ஒன்று எங்காவது சின்னமாகத் தென்பட்டால் அது பட்டு வணிகர் சங்கத்துடையது. இந்த இல்லத்தைக் கட்டியதும் நடத்தியதும் அவர்கள்தான். பிராட்டோ ஊரைச் சேர்ந்த ஃபிரான்செஸ்கோ டாட்டினி என்ற பெரு வணிகர் 1410-இல் இறக்கும்போது, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இல்லம் அமைக்க 1,000 ஃபுளோரின் பொற்காசு எழுதிவைத்தார். அந்த யோசனைதான் பட்டு வணிகர் சங்கத்தின் கையில் வளர்ந்தது. புரூனெலெஸ்கி அடிப்படையில் பொற்கொல்லர். ஃபுளோரன்ஸில் பொற்கொல்லர்கள் பட்டுச் சங்கத்தில்தான் சேர்ந்திருந்தார்கள், அவரும் அதில் உறுப்பினர். தங்கள் ஆளுக்கே வேலை கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

பெண்கள் முற்றம்

எனக்கு இதுதான் மிகவும் பிடித்த இடம். அடுத்த பக்கம் போனால் நீளமாக, ஒடுக்கமாக ஒரு முற்றம். மெல்லிய தூண்கள், தலையில் சுருள் வைத்த அயோனிய வகை. எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, கையை நீட்டினால் எட்டிவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு நெருக்கம். மேலே இன்னொரு தாழ்வாரம். ஆண்கள் முற்றம் ஊர்க்காரர்கள் வந்து போகிற இடம் என்றால் இது வீட்டுக்குள். பால் கொடுக்கும் பெண்களும் வளர்ந்த பெண் பிள்ளைகளும் புழங்கியது இங்கே.

இங்கே ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பாருங்கள். தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போகும். பத்து நிமிடமாவது இருங்கள். இந்தக் கட்டடத்தில் இன்றைக்கும் குழந்தைகளுக்கான வேலை நடக்கிறது. இன்னொசென்ட்டி நிறுவனம் குழந்தைகள் காப்பகமும் தாய்சேய் இல்லங்களும் நடத்துகிறது. யுனிசெஃப் அமைப்பின் ஆய்வு மையம் ஒன்று 1988-இல் இங்கேதான் தொடங்கியது. அதனால் எங்கிருந்தாவது குழந்தைச் சத்தம் கேட்டால் அது ஒலிபெருக்கியில் வருவது இல்லை.

நிலவறை: இழுப்பறைகள்

இங்கே அவசரப்பட வேண்டாம். கூட வந்தவர்கள் அவசரப்பட்டால் அவர்களை முன்னால் அனுப்பிவிடுங்கள்.

வந்த குழந்தையை என்ன செய்தார்கள் என்று முதலில் தெரிந்துகொண்டு பாருங்கள். எழுத்தர் ஒருவர் பேரேட்டைத் திறந்து நாள், நேரம், குழந்தை உடுத்தியிருந்த துணி, கூட வந்த பொருள் எல்லாவற்றையும் எழுதுவார். ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைப்பார்கள். பிறகு பெரும்பாலான குழந்தைகளைப் பால் கொடுக்க நாட்டுப்புறத்துப் பெண்களிடம் கூலிக்கு அனுப்புவார்கள். சில வருடம் கழித்துத் திரும்பி வந்தால் பையன்களைத் தொழில் கற்க அனுப்புவார்கள். பெண் பிள்ளைகள் நெசவும் தையலும் கற்று, சீதனம் பெற்றுத் திருமணம் செய்துகொள்வார்கள், அல்லது கன்னியர் மடத்துக்குப் போவார்கள், அல்லது இங்கேயே இருந்துவிடுவார்கள். திரும்பி வந்தால் என்று சொல்கிறேன், ஏனென்றால் நிறையக் குழந்தைகள் இறந்துபோயின. கெட்ட வருடங்களில் வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, இழுப்பறைகள். ஒரு அறையில் சுவரெல்லாம் சின்னச் சின்ன இழுப்பறைகள், நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு பெயர். நீங்களே இழுத்துத் திறக்கலாம். உள்ளே குழந்தையோடு தாய் விட்டுச்சென்ற அடையாளப் பொருள் இருக்கும்.

ஒன்றில் பாதியாக வெட்டப்பட்ட பதக்கம். வெட்டிய விளிம்பு நேராக இல்லாமல் வளைந்து நெளிந்திருக்கும், வேண்டுமென்றே அப்படி. மறுபாதி தாயிடம். என்றாவது ஒரு நாள் நிலைமை சரியாகி அவள் திரும்பி வந்தால், இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்ப்பார்கள். விளிம்பு பொருந்தினால் அவள்தான் தாய். வேறு சான்று தேவையில்லை. இன்னொன்றில் கண்ணாடி மணி. இன்னொன்றில் நாடாத் துண்டு. சின்னச் சிலுவை. பொத்தான். ஏழைப் பெண்ணின் கையில் அந்த நேரத்தில் என்ன இருந்ததோ அது.

இங்கே இருப்பவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இந்தப் பாதி இன்னும் இங்கேயே இருக்கிறது என்பதை ஒவ்வொரு இழுப்பறையைத் திறக்கும்போதும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஏழெட்டைத் திறந்த பிறகு நிறுத்திக்கொண்டேன். திறந்ததை மெதுவாக மூடுங்கள்.

மேலே ஓவியக்கூடம்

இப்போது ஏறினால் படங்கள் பேசும். எல்லாவற்றையும் பார்க்க நேரம் இல்லையென்றால் மூன்றைப் பாருங்கள்.

டொமெனிகோ டி மிகெலினோ 1446 வாக்கில் வரைந்த மாதா. தன் மேலங்கியை விரித்து அதற்குள் இல்லத்துப் பிள்ளைகளை அணைத்திருக்கிறாள். குழந்தைகளின் உடையையும் வயதையும் கவனியுங்கள்.

போட்டிச்செல்லியின் இளமைக்காலப் படம் ஒன்று, மாதாவும் குழந்தையும் ஒரு வானதூதனும். பக்கத்தில் லூகா டெல்லா ராபியாவின் மண் சிற்பமும் உண்டு, வெளியே வட்டங்களைச் செய்த ஆண்ட்ரேயாவின் சித்தப்பா அவர்.

மூன்றாவதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். டொமெனிகோ கிர்லாண்டாயோவின் ‘மூன்று ஞானிகள் வணங்குதல்’. இல்லத்துத் தேவாலயத்தின் தலைமைப் பீடத்துக்காக 1485 அக்டோபர் 23-இல் ஒப்பந்தம் போட்டார்கள், 1488-இல் முடித்தார். ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. கூலி 115 ஃபுளோரின். நீலத்துக்கு அவுன்ஸ் நான்கு ஃபுளோரின் விலையுள்ள உயர்ந்த சாயமே போட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மரியாளின் ஆடை நீலத்தைப் பாருங்கள், எழுதியது வீண்போகவில்லை. கீழே மண்டியிட்டிருப்பவர்களில் இரண்டு சின்னக் குழந்தைகள் வெள்ளையுடுத்தி ஒளிவட்டத்தோடு இருப்பார்கள், உடம்பில் வெட்டுக்காயம். ஏரோது கொன்ற குழந்தைகளில் இருவர். பின்னால் தூரத்தில் அந்தக் கொலையே நடந்துகொண்டிருக்கிறது. இல்லத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு பூசையிலும் இந்தப் படத்தைப் பார்த்துத்தான் மண்டியிட்டார்கள்: ராஜாக்களைவிட முன்னால், குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில், தங்கள் வயதில் இரண்டு பேர்.

மொட்டைமாடித் தாழ்வாரம்

கடைசியாக மின்தூக்கியில் மேலே போங்கள். திறந்த தாழ்வாரம் ஒன்றில் இப்போது காப்பிக்கடை இருக்கிறது. பெயர் காஃபே டெல் வெரோனே. வெரோனே என்றால் துணி உலர்த்தும் மாடித் தாழ்வாரம். இத்தனை குழந்தைகளின் துணிகளைத் துவைத்துக் காயப்போட்ட இடம். பலகாரம் சுமார்தான், காப்பியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஓட்டுக்கூரைகளுக்கு மேலே புரூனெலெஸ்கியின் குவிமாடம் நேருக்கு நேர் நிற்கும். கீழே நீங்கள் அடி வைத்து அளந்த தாழ்வாரத்தை வரைந்த மனிதரின் இன்னொரு கணக்கு.

கூடவே சில விஷயங்கள்

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்பார்கள். ஏழு எட்டு வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. இழுப்பறைகளை அவர்கள் பெரியவர்களைவிடக் கவனமாகப் பார்க்கிறார்கள். கேள்வி கேட்பார்கள், பதிலுக்குத் தயாராகப் போங்கள். தத்தெடுத்த பிள்ளையோடு போகிறவர்கள் நிலவறையைப் பற்றி முன்கூட்டியே பிள்ளையிடம் பேசிவிட்டுப் போவது நல்லது. படியேற முடியாதவர்கள் நுழைவாயில் ஊழியர்களிடம் சொன்னால் வழி காட்டுவார்கள்.

சீட்டு வாங்க முடியாத நாளாக இருந்தாலும், அல்லது செவ்வாய்க்கிழமையாக இருந்தாலும், சதுக்கமும் படிக்கட்டும் வெளித் தாழ்வாரமும் சன்னலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். கட்டணம் இல்லை. மாலையில் மாணவர்கள் படிகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்களும் உட்காரலாம்.

திரும்பி நடக்கும்போது வீட்டு வாசல்களில் அழைப்புமணிப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். இன்னொசென்ட்டி, டெலி இன்னொசென்ட்டி, நொசென்டினி என்ற குடும்பப் பெயர்கள் ஃபுளோரன்ஸ் இருக்கும் டஸ்கனி வட்டாரத்தில் இன்றும் சாதாரணம். பெற்றவர் பெயர் தெரியாத பிள்ளைகளுக்கு இல்லம் தன் பெயரைக் கொடுத்தது. நான் தங்கியிருந்த கட்டடத்திலேயே, இரண்டாம் மாடிக்கான பொத்தானுக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் இருந்தது.